கோல்கீப்பர் ஜெசிந்தா வளத்த புல்லு

ஒரு ஊர்ல ஒரு கோல்கீப்பர் இருந்தா. பேரு ஜெசிந்தா. கடலோர ஊரு, பொண்ணுங்க எல்லாம் ஃபுட்பால் ஆடுற ஊரு. ஆனா மைதானம் இருக்கே, அது வெறும் கட்டாந்தரை. பந்தப் பிடிக்கப் பாஞ்சா, சரக்குன்னு முழங்கையெல்லாம் தோலு உரிஞ்சிடும். ஒரு தடவ காயம் சீழ் வச்சு ரொம்ப நாள் படுத்துட்டா. அதுலேர்ந்து அவளுக்குப் பாயவே பயம். பந்து பக்கத்துல போனாலும் அப்படியே நிப்பா. ம் சொல்லு.

அப்போ பக்கத்து ஊர்க்காரிங்க வந்து கோல் மேல கோலாப் போட்டுட்டுப் போனாங்க. கேப்டன் பிலோமி, "அடுத்த கோப்பைக்கு வேற ஆளப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டா. கோவமாக் கூட கேக்கல. அதான் ஜெசிந்தாவுக்கு ரொம்ப வலிச்சுது. "தரைய மாத்துறேன், அப்புறம் சொல்லு"ன்னா.

அப்புறம் அருகம்புல் விதை வாங்கிட்டு வந்து, கோலுக்கு முன்னால சர்ர்ருன்னு தூவிவிட்டா. காலையில பாத்தா, எறும்பு வரிசை கட்டி வெதையத் தூக்கிட்டுப் போகுது.

அப்புறம் மண்ணக் கொத்தி வெதச்சு, சீக்கிரம் வரட்டும்னு யூரியாவ அள்ளிப் போட்டா. குபுகுபுன்னு வந்துது புல்லு. வந்த வேகத்துல கருகியும் போச்சு.

ஜெசிந்தா போயி மைதானத்து ஓரமா பூவரச மரத்தடியில உக்காந்துட்டா. அழுகையா வருது. ஆனா உக்காந்த எடம் மெத்துனு இருக்கே? குனிஞ்சு பாத்தா, அங்க மட்டும் யாரும் வெதைக்காத புல்லு பச்சப்பசேல்னு நிக்குது. வெரல விட்டுத் தோண்டுனா மக்குன எல, ஈர மண்ணு, நெளுநெளுன்னு மண்புழு. அப்போதான் புரிஞ்சுது, மொதல்ல மண்ணுக்குத்தான் சோறு போடணும்னு.

மூணாவது தடவ அவ அவசரப்படல. சருகு, மக்குன சாணி, காய்கறித் தோலு எல்லாத்தையும் மண்ணுல கலந்து, ஈரம் காயாம மூடி வச்சா. மீன் குடலையும் வெல்லத்தையும் ஊற வச்சு, தண்ணி ஊத்தித் தெளிச்சா. குப்புனு ஒரு நாத்தம். ஊரே மூக்கப் பொத்திக்கிட்டு சண்டைக்கு வந்துது. கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு வீடு வீடாப் போயி கெஞ்சினா. அப்புறம் ஒருநாள் மண்ணக் கையில எடுத்தா, பொலபொலன்னு உதிருது. வெதைய மணலோட கலந்து தூவி, மேல லேசா வைக்கோல் பரப்பி, பூந்தூறல் மாதிரி தண்ணி தெளிச்சா. ஒரு விடியக்காலம் ஊசி ஊசியா பச்சை! ஆடு வந்துது, வெரட்டுனா. ஆட வந்த பொண்ணுங்களையும் வெரட்டுனா. புல்லு கணுவுக்குக் கணு வேர் விட்டு, கம்பளம் மாதிரி மூடிக்கிச்சு. தூங்கிட்டியா? ம்.

அப்போ கோப்பை ஆட்டம் வந்துது. அதே பக்கத்து ஊரு, நம்ம மைதானத்துலயே ஆட்டம். நம்ம பொண்ணுங்க ஒரு கோல் முன்னால. ஆட்டம் முடியப் போற நேரத்துல அவங்களுக்கு ஒரு பெனால்டி. ஜெசிந்தா தன் புல்லு மேல ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறா. அந்தப் பொண்ணு ஓடி வந்து டம்முனு ஒதச்சா. பந்து மூலைக்குப் போகுது. ஜெசிந்தா பாஞ்சா. தொபுக்கடீர்னு விழுந்து, பந்த நெஞ்சோட கட்டிக்கிட்டா. ஒரு கீறல் இல்ல.

விசில் ஊதுனதும் மைதானமே அதிருது. பிலோமி ஓடி வந்து அவ மேல விழுந்தா. அவ மேல இன்னொருத்தி, அப்புறம் மொத்த டீமும். அடியில கெடந்த ஜெசிந்தா சிரிச்சுக்கிட்டே சொன்னா, "எந்திரிங்கடி, புல்லு நசுங்குது."

கோப்பை ஊரு வந்து சேந்துது, கதையும் வந்து சேந்துது. நீ கண்ண மூடு, கண்ணு.