ஃபுட்போர்டு இல்லாத கார்

பூவரசங்குளம் சமஸ்தானத்தில் மழை பெய்கிறதோ இல்லையோ, அரண்மனையில் ஜால்ரா சத்தம் மட்டும் ஓயாது. ரகுநாத பூபதி ராஜா புதுக் கார் வாங்கிய அன்று அது காதைப் பிளந்தது.

"மகாராஜா, பெரிய ராஜாவோட அந்த ஓட்டை வண்டியை இரும்புக் கடைக்குப் போட்டுடலாம்" என்றார் திவான் சபேசன்.

ராஜாவுக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன குற்றாலம் பிள்ளையைப் பார்த்தார்.

"பிள்ளை, ரெண்டு கார்ல எது உசத்தி? நீர் சொல்லும்."

திவான் முந்திக்கொண்டார். "தப்பா சொன்னா இனி அரண்மனைப் படி ஏறக்கூடாது. சம்மதமா?"

பழசு என்றால் ராஜாவுக்கு அவமானம். புதுசு என்றால் செத்துப்போன பெரிய ராஜாவுக்கு அவமானம். பிள்ளை எப்படியும் தொலைந்தார் என்று திவானுக்கு ஒரே குஷி.

"ஓட்டிப் பார்க்காம எப்படிச் சொல்றது? மகாராஜாவும் திவானும் கூட வரணும்" என்றார் பிள்ளை.

முதலில் புதுக் கார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சந்தைத் தெருவில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜனங்கள் புழுதியைத் துடைப்பதற்குள் அரண்மனைக்கே திரும்பிவிட்டது.

"ஒரு தொந்தரவு இல்லை, பாத்தீங்களா!" என்றார் திவான்.

அடுத்து பழசு. டிரைவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றோ சுற்று என்று சுற்றினார். அது இருமிற்று, கனைத்தது, ஒருவழியாக நகர்ந்தது.

பெரிய ராஜா காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறையுள்ளவர் யாரானாலும் ஓடுகிற அந்தக் காரின் பக்கவாட்டுப் படியான ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டு ராஜாவிடம் நேரே முறையிடலாம். புதுக் காரில் ஃபுட்போர்டே கிடையாது. பழைய காரைக் கண்டதும், அந்த வழக்கம் திரும்பிவிட்டது என்று சந்தையே ஓடிவந்தது.

கத்தரிக்காய் விற்கும் செங்கமலம் முதலில் ஏறினாள். "சாமி, ஏரி மடையைத் திவான் தோப்புக்கு மட்டுந்தான் திறக்கறாங்க. எங்க பயிரெல்லாம் கருகிப்போச்சு."

மறுபக்கம் ஒரு நெசவாளி. "சந்தைக் கிணத்துக்குத் திவானோட மச்சான் வேலி போட்டுட்டாருங்க. குடிக்கத் தண்ணி இல்லை."

திவானுக்கு வேர்த்துக் கொட்டியது. "டேய், வேகமா ஓட்டுடா!"

"இதுக்கு இதாங்க வேகம்" என்றார் டிரைவர்.

அரண்மனை வருவதற்குள் ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தது தாமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

"சபேசா, இன்னிக்கே ஊரைக் காலி பண்ணும்! பிள்ளை, இப்ப சொல்லும். எது உசத்தி?"

"ரெண்டுமே உசத்திதான் மகாராஜா. ஊரை ஆளறவருக்குப் பழசு. ஊரைவிட்டு ஓடறவருக்குப் புதுசு."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்படியே ஆகட்டும். புதுக் கார்லயே இவரைக் கொண்டுபோய் எல்லையில விட்டுட்டு வாங்க!"

பிள்ளை டிரைவரைக் கூப்பிட்டார். "சந்தை வழியாப் போப்பா. கண்ணாடியை மட்டும் இறக்கி விட்டுடு. ஜனங்க திவானுக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டாமா?"