கடையை மூட நினைத்தவர்

"கடையை மூடிடலாம்னு இருக்கேன், அம்மா."

கோமதிநாயகம் சொன்னதைக் கேட்டும் வடிவம்மை நிமிரவில்லை. மடத்துச் சமையலுக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வயதில் கோமதிநாயகத்தைவிட இளையவர். ஆனாலும் அந்த ஆற்றங்கரை மடத்துக்கு வருகிற எல்லாருக்கும் அவர் அம்மாதான்.

கோமதிநாயகம் பல வருஷம் மில்லில் வேலை பார்த்தவர். சொந்தத் தொழில் என்று ஆசைப்பட்டு வெளியே வந்து, கடைத்தெருவில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டும் கடை போட்டார். விடியுமுன் எழுந்து நடப்பார். தொழிலைப் பற்றி எந்த வீடியோ வந்தாலும் விடாமல் பார்ப்பார். யார் வேலையையும் அரைகுறையாகச் செய்து கொடுத்ததில்லை. கடையும் ஓடத்தான் செய்தது.

"அப்புறம் என்ன குறை, அண்ணாச்சி?"

"மில்லுக்கு ஒருநாள் போகலைன்னா, ஏன் வரலைன்னு மேஸ்திரி சத்தம் போடுவாரு. இங்க நான் வந்தா என்ன, வராட்டி என்ன? கேட்க ஒரு நாதியில்லை. எல்லாத்துக்கும் நானே முட்டி மோதணும். இதே தொழில் செய்ற எதிர்க்கடைத் தாவீது வேற, நான் எப்போ விழுவேன்னு பாத்துக்கிட்டு இருக்கான். மில்லுல திரும்பக் கூப்பிடுறாங்க. போயிரலாம்னு தோணுது."

"இங்க வர்றதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரி மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போயிருக்கா. வேற யார்கிட்ட சொல்ல?"

"அப்போ கொஞ்ச நாள் இங்கயே இருங்க. அந்தப் போனை அணைச்சு வைங்க."

இருந்தார். வாசல் பெருக்கினார். ஆற்றில் குளித்தார். இன்றைக்கு ஏதாவது சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா காய் நறுக்கக் கூப்பிட்டார்.

ஒரு காலையில் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வாங்க, உங்க கடையைப் பாத்துட்டு வருவோம்."

பஸ் பிடித்துக் கடைத்தெருவில் இறங்கினார்கள். கோமதிநாயகம் சாவியை எடுத்தார்.

"திறக்க வேண்டாம். இப்படி உட்காருங்க."

இருவரும் கடைப்படியில் உட்கார்ந்தார்கள்.

தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள் ஒருத்தி. பேராச்சி. நெல் நாற்று விட்டிருப்பவள். பழுதான கிணற்று மோட்டாரை இவரிடம் கொடுத்திருந்தாள்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க! உடம்புக்கு என்னவோ ஏதோன்னு பெரியாஸ்பத்திரி வரைக்கும் போய்த் தேடிட்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகப்படாதா?"

கோமதிநாயகம் அப்போதுதான் நினைவு வந்து பதறினார்.

"உன் மோட்டாரு கடைக்குள்ள மாட்டிக்கிச்சே தாயி! நாத்து கருகிருச்சா?"

"கருகியிருக்கும். தாவீது அண்ணன்தான் அவுக மோட்டாரைத் தந்து, நீ தண்ணியைப் பாய்ச்சுன்னாரு."

கோமதிநாயகம் எதிரே பார்த்தார்.

தாவீது ஏற்கெனவே தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"என்னவே, ஆளையே காணோம்? உம்மைத் தேடி வந்த மோட்டாரெல்லாம் என் கடையிலதான் கெடக்கு. ஒருத்தரையும் வேற எடத்துக்குப் போக விடலை."

"நீரே கட்டிக் கொடுத்திருக்கலாமே."

"உம்மகிட்டன்னு வந்ததை நான் எப்படித் தொடுறது?"

தாவீது கையைத் துணியில் துடைத்தார்.

"நீரு கடை போட்டப்ப எனக்கு வயித்தெரிச்சல்தான். இல்லேங்கல. ஆனா ஷட்டரு இப்படி மூடியே கெடந்ததும், தெருவே என்னவோ போல ஆயிட்டு."

டீக்கடையிலிருந்து யாரும் சொல்லாமலே டீ வந்தது. கொண்டுவந்தவரும், "ஊர்ல இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோமதிநாயகம் டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார். தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டை விலக்கியபோதும் கண் ஈரமாகத்தான் இருந்தது.

"அம்மா, இவங்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?"

அம்மா படியிலிருந்து எழுந்தார். ஷட்டருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பேராச்சி மோட்டாரு உள்ளதானே இருக்கு, அண்ணாச்சி?"