குருபூசை அன்று தூங்கியவர்

குன்றின் அடியில் ஒரு மடம் இருந்தது. மடம் என்று சொல்வதே அதிகம். ஓடு வேய்ந்த ஓர் அறை, ஓர் அடுப்படி, பின்புறம் பழைய குருவின் சமாதி. அவ்வளவுதான்.

அங்கே உலகநாத அடிகள் இருந்தார். அவருக்கு ஒரே சீடர், இருளப்பன். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அரிசி ஆலையில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போன பிறகு வந்து சேர்ந்தவர். அடிகள் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

செவலை என்று ஒரு நாயும் இருந்தது. அது யாருக்கும் சீடன் இல்லை. அடிகள் வளர்த்தார், அது வளர்ந்தது.

அந்த வருடம் குருபூசை நெருங்கும்போது அடிகளுக்குக் காய்ச்சல் கண்டது. இரவெல்லாம் தூக்கமில்லை. குருபூசை அன்று காலை, சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் இருளப்பன் மாத்திரை வாங்கி வந்தார்.

"இதைப் போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார். யாரும் எழுப்பாதீங்க. வேர்த்துதுன்னா நல்லது" என்று அந்தம்மா சொல்லியிருந்தாள்.

கஞ்சி குடித்து, மாத்திரை விழுங்கி, அடிகள் பாயில் படுத்தார். செவலை வந்து அவர் காலடியில் படுத்து, கணுக்காலின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. கண்ணை மட்டும் மூடவில்லை.

உச்சிப் பொழுதில் கூட்டம் வந்தது. குருபூசைக் கமிட்டித் தலைவர் பொன்னுரங்கம் முன்னால் வந்தார். ஊரில் ஒரே அரிசி ஆலை அவருடையது. இருளப்பனின் முதுகு போனதும் அங்கேதான். போன தை மாதம் அந்த ஆலை வாசலில் சுமைக்காரர்கள் கூலி கேட்டு உட்கார்ந்தபோது, அடிகளும் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். பொன்னுரங்கம் அன்று கூலியை உயர்த்தினார். மறுநாள் மடத்துக்கு வந்து காலில் விழுந்தார். அதை அவர் மறக்கவில்லை.

பொன்னுரங்கம் உள்ளே போய், "சாமி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. உரக்கக் கூப்பிட்டார். இமைகூட அசையவில்லை. பாதத்தைத் தொடக் குனிந்தார். செவலை பல்லைக் காட்டியது. எட்டிக் கையைத் தொட்டுப் பார்த்தார். வேர்த்துக் குளிர்ந்திருந்தது.

கைகூப்பியபடி வெளியே வந்தார்.

"சாமி அடங்கிட்டார்."

கூட்டத்தில் ஒரு விம்மல் எழுந்தது.

"குருபூசை நாள் பார்த்துக் குரு கூப்பிட்டுக்கிட்டார். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு அடக்கம்!"

இருளப்பன் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"அடங்கலைங்க. மூச்சு இருக்குது. நான் பார்த்தேன்."

"இருக்கும்" என்றார் பொன்னுரங்கம். குரலில் சிறு பதற்றமும் இல்லை. "உயிரோட அடங்குறதுதான் பெரிய சமாதி. செத்த பிறகு குழிக்குப் போறதுக்குச் சாமி எதுக்கு? அதை நீயும் நானும் செய்வோம்."

"எழுப்பிப் பார்க்கலாமேங்க?"

"தவத்தைக் கலைக்கச் சொல்றியா? அந்தப் பாவத்தை நீ ஏத்துக்கிறியா?"

கூட்டம் இருளப்பனைப் பார்த்தது. அத்தனை கண்கள் ஒரே நேரத்தில் தன் மேல் விழுந்து அவருக்குப் பழக்கமில்லை.

பூக்காரி ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்து, "பாவம், தூங்குற மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

"நீ போய் மாலையைக் கட்டுடி" என்றார் ஒருவர். அவள் போய் மாலையைக் கட்டினாள்.

பின்புறம், பழைய குருவின் சமாதிக்குப் பக்கத்தில், மண்வெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இந்த மடத்து வழக்கம், குருவைப் படுக்க வைத்துப் புதைப்பதில்லை. சம்மணமிட்டு உட்கார வைத்து, கழுத்துவரை விபூதியும் உப்பும் கற்பூரமும் கொட்டி, மேலே கல்லை வைத்து மூடுவார்கள்.

"சீக்கிரம். கால் மடங்கும்போதே உட்கார வைக்கணும்" என்றார் ஒரு கமிட்டிக்காரர். "விறைச்சுட்டா கஷ்டம்."

இருளப்பன் பொன்னுரங்கத்தின் பக்கத்தில் போய் நின்றார். பழைய முதலாளி என்பதால் கை தானாகவே கட்டிக்கொண்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"முதலாளி, காலையில மாத்திரை கொடுத்தேன். அதுல தூங்குறார்."

பொன்னுரங்கமும் குரலைத் தாழ்த்தினார்.

"மாத்திரையா? என்ன மாத்திரை?"

"காய்ச்சல் மாத்திரைங்க. நர்சம்மா கொடுத்தது."

"தண்ணியும் விபூதியும்தான் சாமிக்கு ஆகாரம்னு ஊரெல்லாம் நம்புது. நீ மாத்திரை கொடுத்தேன்கிற. சரி, சத்தமாச் சொல்லு. சாமி எழுந்திரிக்கலைன்னா என்ன மாத்திரைன்னு உன்னைத்தான் கேப்பாங்க. நான் கேக்க மாட்டேன். போலீஸ் கேக்கும்."

இருளப்பன் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

பொன்னுரங்கம் அவர் தோளில் தட்டினார். "ஒரு வேலை செய். நாயை வெளியே கூப்பிடு. ஆளுங்களை உள்ளே விடமாட்டேங்குது. உன் கையாலதானே சோறு திங்குது?"

மண்வெட்டிச் சத்தம் இப்போது தரைக்குக் கீழேயிருந்து வந்தது. குழி ஆழமாகிக்கொண்டிருந்தது.

இருளப்பன் அறை வாசலில் போய் நின்றார். அடிகளின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. இங்கிருந்தே தெரிந்தது. பின்னால் நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

"செவலை" என்றார். "வா."

செவலை வாலை ஒருமுறை தரையில் அடித்தது. எழவில்லை.

"வாடா. சோறு தாரேன், வா."

யாரோ பூசைச் சோற்றில் ஓர் உருண்டையை அவர் கையில் வைத்தார்கள். நெய் மணத்தது. நீட்டினார். செவலை சோற்றைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. பிறகு தாடையை மறுபடி அடிகளின் கணுக்காலில் வைத்துக்கொண்டது.

பின்னால் ஒருவன் சிரித்தான்.

"சோறு போடுறவன் பேச்சையே நாய் மதிக்கலை. நாமதான் இவனைச் சீடன்னு மதிச்சுக்கிட்டிருக்கோம்."

"தள்ளு பெருசு."

இரண்டு ஆட்கள் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள். ஒருவன் கையில் சாக்கு, மற்றவன் கையில் மூங்கில் கம்பு. செவலை எழுந்தது. அடிகளின் நெஞ்சுக்கு இந்தப் பக்கம் இரண்டு கால், அந்தப் பக்கம் இரண்டு கால் வைத்து நின்றது. குரைக்கவில்லை. தொண்டைக்குள் மட்டும் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

இருளப்பன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். சோற்று உருண்டை கையில் நசுங்கியது. 'தூங்குகிறார், விடுங்கள்' என்று கத்த வேண்டும். சொல் தொண்டைவரை வந்தது. குழிக்குள்ளிருந்து யாரோ, "போதும், ஆளைக் கொண்டுவாங்க" என்றார்கள். சொல் திரும்பிப் போய்விட்டது.

கம்பு இறங்கியது. செவலையின் முதுகில் விழுந்தது.

அது அலறியது. ஆனால் கால்களை எடுக்கவில்லை. கம்பு மறுபடி ஓங்கியது.

"யார்ரா அது, நாயை அடிக்கிறது?"

கம்பு கீழே விழுந்தது. கம்பைப் பிடித்தவன் சாக்கைப் பிடித்தவனை மிதித்துக்கொண்டு ஓடினான்.

அடிகள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. செவலை அவர் மடியில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது.

முதலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் பொன்னுரங்கம்தான்.

"சாமி! எங்களுக்காகத் திரும்பி வந்தீங்களே!"

"எங்கேயும் போகலையே" என்றார் அடிகள். "தூங்கினேன்."

"அது சமாதி நிலை சாமி."

"மாத்திரை, பொன்னுரங்கம்."

அடிகள் பின் வாசல் வழியே பார்த்தார். புது மண் குவிந்து கிடந்தது.

"அது என்ன குழி?"

ஒரு கமிட்டிக்காரர் மென்று விழுங்கினார். "வாழை வைக்கலாம்னு, சாமி."

"இவ்வளவு ஆழத்திலா? எந்த ஊர் வாழை?"

பூக்காரி மட்டும் சிரித்தாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு குருபூசை நடந்தது. சாமி மாண்டு மீண்ட அதிசயத்தைப் பொன்னுரங்கம் ஒலிபெருக்கியில் சொன்னார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாப்பாடு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தீர்ந்தது. வெயில் சாயும்போது கூட்டமும் போய்விட்டது. வெட்டியவர்கள் யாரும் குழியை மூடவில்லை.

இருளப்பன் தனியாக மண்ணைத் தள்ளி மூடினார். அடிவரை எட்டிப் பார்க்க அவரால் முடியவில்லை. மூடிவிட்டு வந்து அறை வாசலிலேயே உட்கார்ந்தார். உள்ளே வரவில்லை.

அடிகள் சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் செவலை படுத்திருந்தது.

"உள்ளே வாங்கண்ணே. வாசல்ல ஏன்?"

"நாயை வெளியே கூப்பிட்டது நான்தான், அய்யா."

"ம்."

"சோத்தைக் காட்டிக் கூப்பிட்டேன். அது வந்திருந்தா..."

"வரலையே."

"மூச்சு ஓடுறதைப் பார்த்துக்கிட்டே கூப்பிட்டேன், அய்யா."

இருளப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஆலையில இருந்தப்பவும் இப்படித்தான். அவர் முன்னால நின்னா குரல் கட்டிக்கும். அங்கே விட்டுட்டு வந்துட்டேன்னு நினைச்சேன். இன்னைக்குக் குழி வெட்டுற சத்தம் கேக்குது, ஆள் உள்ளே போகுது, வாய் திறக்கலை. அத்தனை பயம். இது அஞ்சறிவு. கம்பு கண்ணுக்கு முன்னால இறங்குது, நின்ன இடத்துல நிக்குது. இதுக்கு மட்டும் எப்படி அய்யா, பயமே இல்லாமப் போச்சு?"

அடிகள் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"இங்க வந்து உக்காருங்க. அது விலாவுல கையை வைங்க."

இருளப்பன் தயங்கி உள்ளே வந்தார். உட்கார்ந்தார். சிவந்த ரோமத்தின் மேல், அடி விழாத பக்கமாகப் பார்த்து, உள்ளங்கையை வைத்தார்.

வைத்ததும் திடுக்கிட்டு அடிகளைப் பார்த்தார். கையை இழுக்கப் போனார்.

"எடுக்காதீங்கண்ணே" என்றார் அடிகள். "மத்தியானத்துல இருந்து இப்படித்தான் நடுங்கிக்கிட்டிருக்கு."