பூதத்தான் தலைக்கு வந்த பரிவட்டம்

நெடுவயல் திருவிழாவில் தேர் திமிறிக்கொண்டு கூட்டத்துக்குள் பாயப் பார்த்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் பூதத்தான் குறுக்கே புகுந்து, கட்டையைச் செருகி, தேரை நிறுத்திவிட்டான். ஜமீன்தார் சந்தோஷப்பட்டு, முதல் மரியாதைப் பரிவட்டத்தை அவன் தலையில் கட்டச் சொன்னார்.

இருபது வருஷமாக அந்தப் பட்டுத்துணி, கோயிலில் காலட்சேபம் செய்யும் வைத்தீஸ்வர சாஸ்திரியின் தலைக்குத்தான் போகும். அவருக்கு வயிறு எரிந்தது. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அவனை மறித்தார்.

"அடேய், பரிவட்டம் பூர்வஜன்மப் புண்ணியம் உள்ளவனுக்கு! எந்த ஜன்மத்தில் என்ன புண்ணியம் செய்தாய்? நிரூபி. இல்லையென்றால் அவிழ்த்துக் கொடு!"

பூதத்தான் கைகட்டி நின்றான். "சாமி, இத்தனை வருஷம் நீங்க கட்டிக்கிட்டீங்களே, அது எந்த ஜன்மத்துப் புண்ணியம்?"

"அது யாருக்குடா தெரியும்? பலன் கிடைத்ததே, அதுதான் சாட்சி!"

"அப்போ சரிங்க சாமி. என் சாட்சியும் தலையிலேயே இருக்கு."

ஜமீன்தார் உட்பட மண்டபமே சிரித்தது.

மறுநாள் காலட்சேபத்தில் சாஸ்திரி கர்மத்தை விட்டுவிட்டு மாயையைப் பிடித்துக்கொண்டார். "பட்டும் பரிவட்டமும் வெறும் மாயை! ஞானி அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்." சொல்லும்போதே அவர் கண், எதிரே பூதத்தான் தலையில் இருந்த பரிவட்டத்தை விட்டு நகரவில்லை.

கூட்டத்தில் இருந்த பூதத்தான் மெல்ல எழுந்தான்.

"உங்க தலையில இருபது வருஷம் புண்ணியமா இருந்துச்சு. என் தலைக்கு வந்த மறுநாளே மாயையா ஆயிடுச்சே, சாமி?"