ஓணானின் கழுத்து சிவந்த கதை

அந்தக் காலத்தில் ஓணானுக்குச் சிவந்த கழுத்து கிடையாது. உடம்பு முழுக்கக் காய்ந்த இலையின் நிறம்தான். ஊர்வன, பறப்பன எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது.

மாடுகள் மேயும் ஒரு கொறங்காடு இருந்தது. அதைச் சுற்றிலும் நெருக்கமான கிளுவை வேலி. வேலியில் ஓரிடத்தில் மட்டும் கோவைக்கொடி ஏறி, பந்தல் போட்டதுபோல் அடர்ந்து கிடந்தது. வேலியில் குடியிருந்தவர்களுக்கு அந்த இடம்தான் உயிர். மேலே வல்லூறு வட்டமிட்டால் அணில், தவிட்டுக்குருவி, ஓணான் எல்லாம் அந்தக் கொடிக்குள் ஓடி ஒண்டிக்கொள்ளும். உள்ளே மூச்சுக் காட்டக் கூடாது. ஒருவர் சத்தம் போட்டால் எல்லாருக்கும் ஆபத்து.

அந்த வேலியில் முள்ளையன் என்ற ஓணான் தன் மகன் சுள்ளியோடு இருந்தான். சுள்ளியின் அம்மாவைப் போன கோடையில் வல்லூறு கொண்டுபோய்விட்டது. முள்ளையன் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது நலம் விசாரித்தால் தலையை இடமும் வலமும் ஆட்டி, "ஒண்ணுமில்லீங்க" என்பான். பசித்தாலும் ஒண்ணுமில்லீங்க, வலித்தாலும் ஒண்ணுமில்லீங்க. அந்தக் காலத்து ஓணான்கள் எல்லாருமே அப்படித்தான். தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதில் கெட்டிக்காரர்கள். பார்த்து வளர்ந்த சுள்ளியும் அதையே பிடித்துக்கொண்டான்.

சிக்கல் என்னவென்றால், சுள்ளி கடிப்பான். முகத்தில் ஒன்றுமே தெரியாது. சிரித்தபடி உட்கார்ந்திருப்பான், அடுத்த நொடி வெடுக்கென்று பல் பதிந்திருக்கும். ஏன் கடித்தாய் என்று கேட்டால் தலை இடமும் வலமும் ஆடும்.

ஒருநாள் மொட்டு என்ற அணில்பிள்ளை வேலி உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையில் வெயில் காய வந்தாள். சுள்ளியிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அவனும் உட்காரு என்றுதான் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவள் வாலைக் கவ்விவிட்டான். மொட்டு அலறியடித்துக்கொண்டு வெட்டவெளியில் ஓட, மேலிருந்து வல்லூறு பாய்ந்தது. வால் முடியில் ஒரு கொத்துப் போனதோடு அவள் தப்பியது பெரிய அதிர்ஷ்டம்தான்.

அன்று மாலையே தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் கூட்டம் போட்டுவிட்டார்கள். கூட்டம் போட அவர்களுக்குக் காரணமா வேண்டும்? ஆனால் அன்று அவர்கள் பேச்சில் நியாயம் இருந்தது. மொட்டுவின் அம்மா அழுதுகொண்டே நின்றாள். இவன் இன்னொரு முறை யாரையாவது கடித்தால் அப்பனும் மகனும் வேலியை விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவானது. வேலிக்கு அப்பால் வெறும் பாறை. ஒளிந்துகொள்ள ஒரு புல்கூடக் கிடையாது. அங்கே போனால் இரண்டு நாள் தாங்க மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், முள்ளையனுக்கும் தெரியும்.

மகனை நன்றாகத் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் அவன் திரும்பி வந்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை.

"எதுக்குச் சாமி கடிச்சே?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லீங்கப்பா."

முள்ளையனுக்குச் சுருக்கென்றது. தன் குரலையே கேட்டதுபோல் இருந்தது.

"ஒண்ணுமில்லாம யாரும் கடிக்க மாட்டாங்க. கடிக்கறதுக்கு முன்னால உடம்புல எங்கயாச்சும் என்னமோ பண்ணுச்சா?"

சுள்ளி வெகுநேரம் யோசித்தான். இதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை.

"கழுத்துல சூடா வந்து முட்டுச்சு. கடிச்சா போயிரும்னு கடிச்சேன்," என்றான். அப்புறம் மெதுவாக, "அது அம்மா உக்கார்ற கிளை," என்றான்.

அந்தக் கிளைப் பக்கம் கண் போகாமல் இருக்க முள்ளையனும் இத்தனை நாளாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தச் சூட்டுக்குப் பேரு கோபம். அதுக்கு அடியில கனமா ஒண்ணு கிடக்குது பாரு, அது துக்கம். எனக்கும் ரெண்டும் இருக்குது சாமி. உங்கிட்டச் சொல்லாம இருந்தது என் தப்பு."

சுள்ளியால் நம்ப முடியவில்லை. உங்களுக்குமா என்று கேட்டான். முள்ளையன் தலையை மேலும் கீழும் ஆட்டினான். ஓணான் குலத்தில் ஒருவர் அப்படி ஆட்டியது அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாததால் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அப்பனும் மகனும் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தார்கள்.

மறுநாள் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சூடு ஏறுவது தெரிந்தவுடன் சுள்ளி ஒரு கோவைப்பழத்தைக் கடித்துக் கழுத்தில் பூசிக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்கள் கொஞ்சம் தள்ளிப் போவார்கள். பிறகு சூடு இறங்கும்வரை, ஆமாம், எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கோபமே படாதே என்று முள்ளையன் சொல்லவில்லை. கடிக்காதே என்றுதான் சொன்னான்.

தவிட்டுக்குருவிகளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. முதல் வாரத்தில் நாளுக்குப் பத்துப் பழம் செலவானது. சில சமயம் சுள்ளி ஓடிவந்து, வயிற்றில் என்னமோ பண்ணுகிறதே, இதுவும் கோபமா என்று கேட்பான். அது பசி என்று முள்ளையன் பூச்சி பிடித்துக் கொடுப்பான். பூசிப் பூசிச் சுள்ளியின் கழுத்துத் தோலுக்குள் கோவைச் சாறு ஊறிப்போனது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் நடுப்பகலில் வல்லூறு வந்தது. எல்லாரும் கொடிக்குள் பாய்ந்தார்கள். அவசரத்தில் மொட்டு வந்து நின்றது சுள்ளியின் பக்கத்தில். பயத்தில் அவள் நகம் அவன் கால்விரலில் ஆழமாகப் பதிந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

சுள்ளியின் கழுத்தில் குப்பென்று சூடு ஏறியது. பழம் ஒரு முழம் தள்ளித் தொங்கியது. நகர்ந்தால் கொடி அசையும், அசைந்தால் வல்லூறு பார்த்துவிடும். வாய் திறந்து சொல்லவும் முடியாது. மொட்டுவின் காது அவன் பல்லுக்கு நேராக இருந்தது. அவன் வாய் திறந்ததை இரண்டு கிளைக்கு அப்பால் இருந்த முள்ளையன் பார்த்தான். கத்த முடியாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

சுள்ளி வாயை மூடிக்கொண்டான். தலையைத் துளித்துளியாக மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தான். ஆமாம், கோபம். ஆமாம், கோபம். அப்போது, யாரும் பழம் பூசாமலேயே அவன் கழுத்து கோவைப்பழமாகச் சிவந்தது.

மொட்டு அந்தச் சிவப்பைப் பார்த்தாள். கீழே குனிந்து தன் காலைப் பார்த்தாள். சத்தமில்லாமல் நகத்தை எடுத்துக்கொண்டாள். வல்லூறு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

வலித்ததா என்று மொட்டு கேட்டாள்.

"ஆமா. வலிச்சுது, கோபம் வந்துச்சு, பயமாவும் இருந்துச்சு," என்றான் சுள்ளி.

தவிட்டுக்குருவிகள் ஏழு பேரும் பேச ஒன்றும் கிடைக்காமல் இருந்த ஒரே நாள் அதுதான். முள்ளையன் வந்து மகனின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

அந்த நாளிலிருந்துதான் கோபம் வந்தால் ஓணானின் கழுத்து சிவக்கிறது, தலை மேலும் கீழும் ஆடுகிறது. தங்களைப் பழித்துக் காட்டுகிறது என்று நினைத்து ஊர்ப் பிள்ளைகள் கல்லெடுக்கிறார்கள். அது யாரையும் பழிக்கவில்லை. கடிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது.