நீலாயியும் ஊர் விழுங்கிய அட்லஸும்

கப்பலெல்லாம் காற்றை நம்பி ஓடின காலம் அது. இல்லை, அதற்கும் முந்தின காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்து உட்காருங்க. சின்னவங்க முன்னால, பெரியவங்க பின்னால. காது இருக்கிற எல்லாருக்கும் இங்கே இடம் இருக்கு.

அந்தக் காலத்தில் சிற்றலையாறு கடலில் போய்ச் சேருகிற இடத்தில் சங்குமுனை என்று ஓர் ஊர். அந்த ஊரில் நீலாயி என்று ஒருத்தி. சீலைக்குச் சாயத்தால் சித்திரம் எழுதுகிறவள். அவள் தூரிகையைத் தொட்டால் பூ பூக்கும், கொடி ஓடும், மயில் திரும்பிப் பார்க்கும். அவள் புருஷன் மருதப்பன், ஓடக்காரன். வாய் ஓயாதவன்.

ஒரு நாள் அவுரி நீலம் வாங்க அக்கரைச் சந்தைக்குக் கிளம்பினாள் நீலாயி. மருதப்பன்தான் ஓடத்தில் கொண்டுபோய் விட்டான்.

"நீலம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுச் சந்தையையே வாங்கிட்டு வந்துடாதே."

"உங்க ஓடம் தாங்கற அளவுக்குத்தான் வாங்குவேன், பயப்படாதீங்க."

சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டுத் திரும்பினான். அவளும் சந்தைக்குப் போனாள், நீலம் வாங்கினாள், கரைக்கு வந்தாள். வந்து பார்த்தால் ஓடம் இல்லை. ஓடம் இல்லாவிட்டால் போகட்டும், ஆறே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊரும் இல்லை. மண்ணும் இல்லை, மணலும் இல்லை, எழுதாத காகிதம் மாதிரி வெறும் வெள்ளை.

அந்த வழியாக ஓர் உப்பு வண்டிக்காரர் வந்தார்.

"அண்ணே, இங்கே இருந்த சங்குமுனை எங்கே போச்சு?"

"சங்குமுனையா? அப்படி ஒரு ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லையே தாயி."

"காலையில எங்க தெருவுல உப்பு வித்துட்டுப் போனீங்களே!"

"நானா? உப்பா?" அவர் தலையைச் சொறிந்தார். வண்டியைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. போய்விட்டார்.

நீலாயிக்குப் புரிந்துவிட்டது. ஊர் போனது மட்டுமில்லை, ஊரின் நினைப்பும் போய்க்கொண்டிருக்கிறது. நானும் மறந்துவிட்டால் என் புருஷனை யார் தேடுவார்கள்? அதனால் நடக்க ஆரம்பித்தபோது ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டே நடந்தாள். சங்குமுனை, சங்குமுனை, சங்குமுனை.

அந்த வெள்ளைத் தரையில் கறுப்புக் காலடிகள் இருந்தன. மை தோய்ந்த காலடிகள். அதைப் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு காடு தாண்டினாள், ஒரு மேடு தாண்டினாள், ஒரு பாழுங்கோட்டை தாண்டினாள். கடைசியில் ஒரு கல் மாளிகை. கதவைத் திறந்தால் ஒரே மை வாசனை.

அதுதான் அஞ்சனராயன் என்ற மந்திரவாதியின் வீடு. நம்ம பக்கத்தில் தொலைந்த பொருளைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பார்கள் இல்லையா? இவன் தொலைப்பதற்காக மை போடுகிறவன். ஓர் ஊரைப் பார்த்துக்கொண்டே அதன் ஆற்றையும் தெருவையும் செப்புத் தகட்டில் ஊசியால் செதுக்குவான். மேலே மை தடவுவான். காகிதத்தை வைத்து மர அச்சில் இறுக்குவான். இறுக்கும்போது சொல்வான்:

"ஆறே அச்சாகு, ஊரே உள்ளே வா,
கோட்டுக்குள்ளே வந்தது கோட்டுக்குள்ளேயே நில்லு!"

அவ்வளவுதான். படம் காகிதத்தில் விழும்போது ஊரும் அதோடு போய்விடும். பிறகு தகட்டை உருக்கிவிடுவான், இன்னொரு படம் யாரும் அச்சடிக்கக்கூடாது என்று. இப்படிச் சேர்த்த படங்களை எல்லாம் கதவு அகலத்துக்கு ஒரு புத்தகமாகத் தைத்து வைத்திருந்தான். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போகிறார்களே அட்லஸ், அந்த மாதிரி. ஆனால் அந்த அட்லஸில் இருக்கிற ஊர் வெளியில் இருக்காது.

எதற்கு இந்த வேலை? மணிமுடி நாட்டு ராஜாவுக்கு நிலப்படம் என்றால் உயிர். அதிலும் அபூர்வமான படம் வேண்டும். வேறு யாரிடமும் இல்லாத படம் வேண்டும். ஊரே வேறெங்கும் இல்லாவிட்டால் அதைவிட அபூர்வம் உண்டா? அஞ்சனராயனின் கணக்கு அது. ராஜாவுக்கு இந்தச் சூது தெரியாது. கேட்கவும் இல்லை.

உள்ளே வந்து நின்ற நீலாயியின் விரல்களை அஞ்சனராயன் பார்த்தான். எல்லாம் நீலம்.

"சாயக்காரியா நீ?"

"சீலைக்கு எழுதறவளுங்க."

"காகிதத்துல எழுதுவியா?"

"துணியில எழுதற கைக்குக் காகிதம் பெரிய காரியமா?"

"வாய் நல்லாத்தான் இருக்கு. கை எப்படின்னு பார்ப்போம். இன்னைக்குப் பொழுது சாயற வேளைக்கு ராஜா வர்றார். வெறும் கறுப்பா இருந்தா முகத்தைச் சுளிப்பார். எல்லாப் படத்துலயும் ஆத்துக்கு நீலம் போடு. ஒரு சொட்டு கோட்டுக்கு வெளியே போச்சு, உன்னையும் ஒரு பக்கத்துல அச்சடிச்சு ஒட்டிடுவேன்!"

சொல்லிவிட்டு ராஜாவை எதிர்கொள்ளப் போனான்.

நீலாயி பக்கங்களைத் திருப்பினாள். ஏதோ மலை ஊர். ஏதோ ஏரிக்கரை ஊர். கடைசிப் பக்கத்தில் சங்குமுனை! கடுகளவு வீடுகள். எள்ளளவு ஓர் ஓடம். அந்த ஓடம் ஆற்றில் வரும், படத்தைச் சுற்றிப் போட்டிருந்த எல்லைக்கோட்டில் முட்டும், பின்னால் போகும். மறுபடி வரும், முட்டும், போகும்.

"ஏங்க! நான் இங்கே இருக்கேங்க!"

கடுகளவு ஊருக்கு அவள் குரல் எட்டவில்லை. குனிந்தபடியே அழுதாள்.

"அழறதுன்னா கொஞ்சம் தள்ளி அழு தாயி. எனக்கு நீச்சல் தெரியாது."

பார்த்தால், பக்கத்தின் மூலையில் வெள்ளி மாதிரி மினுங்குகிற ஒரு பூச்சி. புத்தகத்தை அரிக்குமே, அந்த ராமபாணப் பூச்சிதான். நீலாயி கையை ஓங்கினாள். பூச்சி கண்ணை மூடிக்கொண்டது. அவளோ கையை இறக்கி, ஈரம் படாத இடத்துக்கு அதை மெல்ல நகர்த்தி விட்டாள்.

"அடிக்கலையா?"

"எதுக்கு அடிக்கணும்? நீங்களும் என் புருஷன் மாதிரி இதுக்குள்ள மாட்டிக்கிட்டவர்தானே."

"மாட்டிக்கலை, குடியிருக்கேன். ஆனாலும் நன்றி தாயி. கை ஓங்கினவங்க யாரும் இதுவரைக்கும் கையை இறக்கினதில்லை."

"பூச்சியாரே, இந்தக் கோட்டை அரிச்சுத் தின்னுடுங்களேன். ஊர் வெளியே வந்துடும்."

"பல்லு வச்சுப் பார்த்தாச்சு. மந்திர மை, வேம்பை விடக் கசப்பு. ஒரு இழைகூட அறுபடலை. நான் திங்கறது இந்தக் காகிதத்து மேல பூசின கஞ்சியை மட்டும்தான். ருசின்னா அப்படி ஒரு ருசி!"

நீலாயி பெருமூச்சு விட்டு, நீலம் குழைத்து, ஆற்றில் தூரிகையை ஓட்டினாள். நீலம் கோடு வரைக்கும் வந்தது, நின்றது. அசையவில்லை. ஆனால் பூச்சி மேய்ந்திருந்த மூலையில் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அது நிற்கவில்லை. சரசரவென்று ஊறி, எல்லைக்கோட்டின் அடியில் புகுந்து, வெளியே எட்டிப் பார்த்தது!

நீலாயி துள்ளி எழுந்தாள். துணியில் இதைத் தினம் பார்ப்பவள் அவள். பாலும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த துணியில் சாயம் நிற்கும். போடாத துணியில் ஓடும். இந்தக் காகிதத்தைக் காப்பது கோடு இல்லை, கஞ்சி!

"பூச்சியாரே, பசிக்குதா?"

"எப்பப் பசிக்கலை?"

"ஆத்து முகத்துல இருக்கிற கஞ்சியைத் தின்னுடுங்க. ஆறு தானா வெளியே வந்துடும்."

பூச்சி மீசையை ஆட்டியது. "உன் ஊரை மட்டும்னா இப்பவே முடிச்சுடலாம். அவன் வர்றதுக்குள்ள உன் ஆளோட போயிடலாம். எல்லாத்தையும்னா நேரமாகும். அவன் வந்துடுவான். உன்னை அச்சடிச்சுடுவான்."

நீலாயி சங்குமுனையைப் பார்த்தாள். ஓடம் வந்தது, முட்டியது, போனது. பிறகு ஏரிக்கரை ஊரின் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஒரு கிழவர் எல்லைக்கோட்டின் ஓரமாக உட்கார்ந்து யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியில என்னை மாதிரி எத்தனை பேர் வெள்ளைத் தரையில நின்னு தேடறாங்களோ. முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க."

"நீ விவரம் கெட்டவ தாயி," என்றது பூச்சி. "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ஏ பிள்ளைங்களா! மாமா, மச்சான், சித்தப்பா! பந்தி போட்டாச்சு, வாங்கடா!"

தையல் இடுக்கிலிருந்து, அட்டை மடிப்பிலிருந்து, எங்கெங்கிருந்தோ பூச்சிகள் வெள்ளிக் கம்பி மாதிரி வரிசையாக வந்தன. பூச்சிகள் முன்னால் மேய, பின்னால் நீலாயி கனமாக நீலம் வைத்துக்கொண்டே போனாள். மலை ஊரின் ஓடை கசிந்தது. ஏரிக்கரை ஊரின் மதகு கசிந்தது. ஒரு பக்கத்து ஈரம் அடுத்த பக்கத்துக்கு இறங்கியது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

கதவு திறந்தது. அஞ்சனராயனும் ராஜாவும்.

"பாருங்க மகாராஜா, உலகத்துல வேற எங்கேயும் இல்லாத ஊருங்க!"

ராஜா ஆசையாகக் குனிந்தார். "இது என்னய்யா, புத்தகம் சொட்டுது?"

அஞ்சனராயன் பார்த்தான். நீலம் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகம் இருண்டது.

"அடிப்பாவி! தூரிகையைக் கீழே போடு!"

"இதோ, இன்னும் ஒரே ஓர் ஆறு."

"போடுன்னு சொல்றேன்ல!" அவன் மை டப்பாவில் கையை விட்டு, அவளைப் பார்த்து மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினான். "ஆறே அச்சாகு, ஊரே உள்ளே..."

நீலாயியின் கால் விரல்கள் கறுத்தன. கணுக்கால் காகிதமாக மடங்கியது. அவள் தூரிகையை விடவில்லை. சிற்றலையாற்றின் முகத்தில் மிச்சமிருந்த நீலத்தை எல்லாம் கொட்டி ஓர் இழுப்பு இழுத்தாள்.

அவ்வளவுதான்! அட்லஸ் மடை திறந்த மாதிரி உடைந்தது. ஆறுகளெல்லாம் ஒன்றாகப் பாய்ந்தன. அஞ்சனராயன் வாயில் மீதி மந்திரம் வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவன் கை மை கரைந்தது, டப்பா மை கரைந்தது, நீலாயியின் கால் மையும் கரைந்தது. ஊர்கள் கடுகாய்ப் புறப்பட்டன, வாசலில் மிளகளவு ஆயின, வெட்டவெளியில் வீடும் தெருவுமாக விரிந்து தத்தம் இடம் பார்த்துப் போயின. ராஜா கிரீடத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

அந்த வெள்ளத்தில் ஓர் ஓடம் வந்தது.

"ஏறு ஏறு! காலையிலேருந்து துடுப்புப் போடறேன், ஆறு என்னமோ விடவே மாட்டேங்குது. ஆமா, நீ எதுக்குடி அழறே? நீலம் கொட்டிடுச்சா?"

"ஆமாங்க," என்றாள் நீலாயி. "எல்லாம் கொட்டிடுச்சு." அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், மை போன அஞ்சனராயன் ஒரு வெளிறின ஒல்லி மனுஷன். வெடவெடவென்று நடுங்கினான். "இவனை ஒரு பெட்டியில அடைச்சு வைங்க!" என்று, விஷயம் தெரிந்து ஓடி வந்த ஊர்க்காரர்கள் கத்தினார்கள்.

"அடைச்சு வச்ச வரைக்கும் போதும்," என்றாள் நீலாயி. "இவருக்குக் கை நல்ல கை. மந்திரம் இல்லாம செதுக்கட்டும். ஒவ்வோர் ஊர் படத்தையும் வீட்டுக்கு ஒண்ணா அச்சடிச்சுக் குடுக்கட்டும். ஒரு ஊரை எத்தனை பேர் வச்சிருக்காங்களோ, அந்த ஊர் அவ்வளவு பத்திரம்."

ராஜா தலைகுனிந்தார். "எனக்கு மட்டும் வேணும்னு கேட்டது என் தப்பும்மா. செம்பும் காகிதமும் நான் தர்றேன். முதல் படத்தை நானும் உன்கிட்ட வரிசையில நின்னு வாங்கிக்கறேன்."

அப்படியே வாங்கினார். அஞ்சனராயனும் வேலை செய்தான். முதலில் முணுமுணுத்துக்கொண்டு செய்தான், பிறகு பாடிக்கொண்டு செய்தான். படம் ஒன்றும் இல்லாமல் வெறுமையாகிப்போன பழைய அட்லஸை நீலாயி நிழலில் உலர்த்தி, பக்கத்துக்குப் பக்கம் புதுக் கஞ்சி பூசி, பூச்சிகளுக்குக் கொடுத்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"பூச்சியாரே, என் ஊர் உங்க தயவு."

"என் உசிரு உன் தயவு தாயி. பேசினது போதும், சாப்பாடு ஆறுது."

நீலாயி மருதப்பனோடு சங்குமுனைக்குத் திரும்பினாள். தெரு முனையில் கால் வைத்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். கிணற்றுச் சுவரைத் தொட்டாள். வேப்ப மரத்தைத் தொட்டாள். படுத்திருந்த நாயைக்கூடத் தடவிக் கொடுத்தாள், அது திடுக்கிட்டு எழுந்து ஓடியது. பக்கத்து வீட்டுப் பொன்னாத்தா இடுப்பில் குடத்தோடு வந்தாள். வாயைத் திறந்தால் சண்டைதான் அவளுக்கு.

"ஏய் நீலாயி! உன் சாயத் தண்ணி என் வாசல்ல ஓடுது, கண்ணு தெரியலையா?"

நீலாயி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். குடம் தளும்பி இரண்டு பேரும் நனைந்தார்கள்.

"நீ இருக்கியே அக்கா! உன் வாசல் இருக்கே!"

"இவளுக்கு என்னடா ஆச்சு மருதப்பா?" என்றாள் பொன்னாத்தா. கத்தத்தான் நினைத்தாள். ஆனால் அவளை அறியாமல் அவள் கை, நீலாயியின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நனைஞ்சவங்க காஞ்சாங்க, தொலைஞ்சவங்க கிடைச்சாங்க. கேட்டவங்க வீடு போய், கதவு அங்கேயே இருக்கான்னு ஒரு தடவை தொட்டுப் பாருங்க.