முட்டை படாத ஐசிங்

குருவைத் தேடிச் சீடன் வந்தான் என்று தொடங்கினால் நீங்கள் ஒரு மரத்தடியையும் நீளமான தாடியையும் நினைத்துக்கொள்வீர்கள். இந்தக் கதையில் தாடி சீடருக்குத்தான். அதுவும் நரைத்த தாடி. குருவுக்கு முப்பத்திரண்டு வயது, பெயர் ஹெப்சி. பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடியில் கேக்கும் பிஸ்கட்டும் செய்யக் கற்றுக்கொடுக்கிறவள்.

சீடர் பெயர் ஆசீர்வாதம். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மனைவியோடு சண்டை வருகிறது என்று ஹெப்சியின் வகுப்பில் சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். மாவு பிசைவதில் மற்ற எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் காலையில் அவர் படியேறி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுகிற மனிதர், அன்று வாசலிலேயே நின்றார்.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"உள்ள வந்து கேளுங்க அண்ணாச்சி."

"ஐசிங்ல முட்டை போடக் கூடாது. ஆனா முட்டை போட்ட மாதிரியே பளபளன்னு நிக்கணும். அதுக்கு ஏதும் வழி இருக்கா?"

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டு வடிவம்மாவுக்கு."

"அவங்களுக்குன்னுதானே வெண்ணெய் ஐசிங் சொல்லித் தந்தேன். கிறிஸ்துமஸுக்குக் குடுத்தீங்கள்லா? நல்லா இல்லன்னுட்டாங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றார் ஆசீர்வாதம். அதைச் சொல்லும்போது அவர் முகம் தொங்கிப்போனது.

வடிவம்மா என்று அவர் சொன்னது சங்கரவடிவை. சுத்த சைவக் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தீபாவளிக்கு அங்கிருந்து முந்திரிக்கொத்தும் அதிரசமும் வரும். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து ஆப்பிளும் வாழைப்பழமும் போகும். பழத்துக்கு மேலே எதுவும் போனதில்லை. கறியும் முட்டையும் வேகிற அடுப்பில் செய்த பண்டத்தை அந்த வீட்டில் தொடமாட்டார்கள். இரண்டு பக்கமும் அதைப் பற்றிப் பேசியதில்லை, வருத்தப்பட்டதும் இல்லை.

இந்த வருஷம் ஆசீர்வாதத்துக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. ஹெப்சி சொல்லிக்கொடுத்த புதினா வாசமுள்ள சாக்லேட் பிஸ்கட், மேலே பச்சை ஐசிங். அதை வடிவம்மா வீட்டுக்கும் கொடுத்துப் பார்த்துவிடவேண்டும் என்று ஆசை. சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். முட்டை படாமல் செய்கிறேன், அதற்கென்று புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்கியிருக்கிறேன் என்றார். சங்கரவடிவு சற்று யோசித்தார்.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்றார்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் இவர் வீட்டுப் பண்டம் போனது.

"அப்புறம் என்ன?" என்றாள் ஹெப்சி.

"வாய்க்குள்ள ஃபேன் போட்ட மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க. திருவாதிரைக்கு அவங்க சம்பந்தி வீட்டு ஆளுங்க வாராங்களாம். அவங்களுக்கும் கொஞ்சம் செஞ்சு தாங்கன்னாங்க. எங்க தட்ட அன்னைக்குக் களியோட சேத்துத் தாரேன்னு சொல்லி வச்சுக்கிட்டாங்க."

"சந்தோசப்பட வேண்டிய விசயம்லா."

ஆசீர்வாதம் மேஜை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல முட்டை பட்டுட்டு டீச்சர்."

ஹெப்சி கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள்.

"எப்படி?"

"சர்ச்சுக்குக் கொண்டுபோறதுக்கு முட்டை ஐசிங் ஒரு கிண்ணத்துல இருந்துச்சு. இவங்களுக்குள்ளது இன்னொரு கிண்ணத்துல. ரெண்டும் பச்சை. அவசரத்துல கிண்ணம் மாறிப்போச்சு."

அன்று புது வருஷத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. மேஜைமேல் இரண்டு கிண்ணங்கள் ஈரத்துணி போட்டு மூடியிருந்தன. ஒன்றில் முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரைத் தூளோடு நுரைக்க அடித்தது. இன்னொன்றில் வெண்ணெயும் சர்க்கரைத் தூளும். ஹெப்சி இரண்டையும் அவர் முன்னால் நகர்த்தினாள்.

"கண்ண மூடிக்கிடுங்க அண்ணாச்சி."

மூடினார். ஒரு கரண்டியை அவர் கையில் கொடுத்து முதல் கிண்ணத்தில் வைத்தாள். அவர் லேசாகக் கலக்கித் தூக்கினார்.

"இது என்ன?"

"வெண்ணெய்."

வேறு கரண்டி, அடுத்த கிண்ணம். அவர் தூக்கவே இல்லை. கரண்டி உள்ளே இறங்கியதுமே சொல்லிவிட்டார்.

"முட்டை."

சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கண்ணைத் திறக்கவில்லை. முப்பது வருஷமாக ஆயிலையும் கிரீஸையும் விரல் நுனியில் தேய்த்தே தரம் சொன்ன கை அது. அந்தக் கைக்கா கிண்ணம் மாறும்?

"கண்ணத் திறங்க" என்றாள் ஹெப்சி.

"கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கிடுதேன் டீச்சர்."

காது மடல் வரை அவருக்குச் சூடேறியிருந்தது. டெப்போவில் ஒரு தடவை நட்டை முறுக்க மறந்து மேலதிகாரியிடம் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியிருக்கிறார். அன்றுகூட இப்படி இல்லை. இங்கே யாரும் ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேதான் சொன்னார்.

"கிண்ணம் மாறல. வெண்ணெய் ஐசிங் முதல்ல பூசினேன். மங்கலா இருந்துச்சு, சுண்ணாம்புச் சுவத்துல பாசி பிடிச்ச மாதிரி. பக்கத்துல சர்ச்சுக்குள்ளது பளிங்கு கணக்கா மின்னுது. இத்தனை வருசம் கழிச்சு முதல் தடவையா குடுக்கோம், இப்படியா குடுக்கதுன்னு தோணிச்சு. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு, அதைப் பூசிட்டேன்."

"அப்போ ஒண்ணும் தோணலியா?"

"தோணிச்சு. பிஸ்கட்லதானே முட்டை போடலன்னு சொன்னோம், இது மேல பூசுததுதானேன்னு மனசுக்குள்ள ஒரு வக்கீல் எந்திரிச்சு வாதாடினான். நானும் ஆமான்னுட்டேன்."

ஹெப்சி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கண்ணைத் திறந்தார். தண்ணீரைக் குடிக்கவில்லை.

"அவங்க என்னைப் பாக்கும்போதெல்லாம் சிரிக்காங்க டீச்சர். நான் சுவத்துப் பக்கமே போறதில்ல. கொல்லைல துணி காயப்போடக்கூட எஸ்தரத்தான் அனுப்புதேன்."

எஸ்தர் அவர் மனைவி. அவளிடமும் அவர் சொல்லவில்லை.

"அவங்ககிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொன்னா அவங்க மனசு உடைஞ்சு போகும். தெரியாம சாப்பிட்டதுக்கு அவங்களுக்குப் பாவம் கிடையாது. பாவம் என்னோட போகட்டும். அவங்க நிம்மதியா இருக்கட்டும். அதான் இந்தத் தடவ நெசமாவே முட்டை இல்லாம, அச்சு அசல் அதே மாதிரி செஞ்சு குடுத்துட்டா..."

"குடுத்துட்டா யாருக்கு நிம்மதி அண்ணாச்சி?"

அவர் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

ஹெப்சி கொடியில் கிடந்த ஏப்ரனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"கட்டிக்கிடுங்க. செய்வோம்."

அவருக்கு உயிர் வந்தது. மைதாவும் கோகோவும் சலித்தார். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கக் குழைத்தார். பாலை ஊற்றிப் பிசைந்து, தேய்த்து, வட்ட அச்சில் வெட்டி ஓவனுக்குள் வைத்தார். சாக்லேட் வாசனை மாடி முழுவதும் பரவியது. பிஸ்கட் ஆறுகிறவரை இருவரும் ஏதேதோ பேசினார்கள், சங்கரவடிவைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பிறகு ஐசிங். ஹெப்சி புதுக் கிண்ணத்தில் வெண்ணெயை எடுத்தாள். சர்க்கரைத் தூள், ஒரு கரண்டி பால், இரண்டு சொட்டு புதினா எசென்ஸ், ஊசி முனையளவு பச்சை நிறம். அடித்துக்கொடுத்தாள். ஆசீர்வாதம் பூசினார். எல்லாவற்றையும் பூசி முடித்துவிட்டுக் காத்திருந்தார். அது மின்னவில்லை.

"டீச்சர், இது பழைய வெண்ணெய் ஐசிங்தானே?"

"ஆமா."

"மங்கலா இருக்கே."

"அப்படித்தான் இருக்கும்."

"முட்டை இல்லாம பளபளப்பா வர வழியே கிடையாதா?"

"இருக்கு. கொண்டைக்கடலைய வேகவச்ச தண்ணியச் சுண்டவச்சு அடிச்சா முட்டை மாதிரியே நுரைச்சு நிக்கும். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

ஆசீர்வாதம் அவளையே பார்த்தார்.

"பிறகு ஏன் இதைச் செய்யச் சொன்னீங்க? இதைக் கொண்டுபோய்க் குடுத்தா, போன தடவ பளபளன்னு இருந்துச்சே, இப்ப ஏன் இல்லன்னு அவங்க கேப்பாங்களே."

"கேப்பாங்க" என்றாள் ஹெப்சி. "அதுக்குத்தான்."

அவள் பிஸ்கட்டுகளை ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டாமல் காகிதம் வைத்து அடுக்கினாள். மூடியை அழுத்தி மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"போயிட்டு வாங்க. கடலைத் தண்ணிய அதுக்கப்புறம் சொல்லித் தாரேன்."

டப்பாவில் கனம் ஒன்றும் இல்லை. ஆனாலும் படியிறங்கும்போது அவருக்குக் கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டது.

அன்று அவர் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. டப்பாவை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, சர்ச்சுக்குப் போகிறேன், கடைக்குப் போகிறேன் என்று வெளியே சுற்றினார். திருவாதிரைக்கு முந்தின நாள் சங்கரவடிவே சுவர்ப் பக்கம் வந்து எஸ்தரிடம், "அண்ணாச்சி பிஸ்கட் செஞ்சுட்டாங்களா?" என்று விசாரித்தார். உள்ளே இருந்த ஆசீர்வாதத்துக்கு அது கேட்டது. அதற்கு மேல் ஒளிய இடமில்லை.

அன்று மதியம் அவர் ஹெப்சியின் மாடிக்கு வந்தார். ஒரு கையில் அதே டப்பா. இன்னொரு கையில் ஒரு தட்டு.

ஹெப்சி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"கேட்டாங்க டீச்சர். டப்பாவத் திறந்த உடனே கேட்டாங்க. இந்தத் தடவ ஏன் மினுமினுப்பு இல்லன்னு."

"ம்."

"சொல்லிட்டேன். கிண்ணம் மாறிச்சுன்னு சொல்லல. தெரிஞ்சுதான் பூசினேன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒரு வார்த்தை ஏசல. டப்பாவ மூடி என் கையில குடுத்தாங்க. உள்ள போனாங்க. குழாய்ல தண்ணி விழுத சத்தம் கேட்டுச்சு. வந்து எங்க தட்டத் தந்தாங்க. அவங்க மாமியார்தான் ஆசைப்பட்டு ரெண்டு சாப்பிட்டாங்களாம், அவங்களுக்குத் தெரிய வேண்டாம்னாங்க. அவ்வளவுதான். கதவச் சாத்திட்டாங்க."

அவர் தட்டைத் திருப்பிக் காட்டினார். நன்றாகத் தேய்த்துக் கழுவிய தட்டு. ஈரம்கூட இல்லாமல் துடைத்திருந்தது.

"அந்த வீட்டுல இருந்து எங்க தட்டு வெறுந்தட்டா வந்ததே இல்ல டீச்சர். ஒண்ணும் இல்லன்னாலும் ஒரு பிடி சீனியாவது இருக்கும்."

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அறுபது வயதுக்கு மேலான மனிதர் அழுவதைப் பார்க்காமல் இருப்பதற்காக ஹெப்சி அலமாரிப் பக்கம் திரும்பினாள். ஒரு டின்னைத் திறந்தாள். வந்து அவர் கையிலிருந்த தட்டை வாங்கி மேஜைமேல் வைத்து, அதில் இரண்டு கை கொண்டைக்கடலையைக் கொட்டினாள்.

கடலை தட்டில் உருண்டு சத்தம் போட்டு அடங்கியது.

"உக்காருங்க அண்ணாச்சி. கல் கிடக்கும், பொறுக்குங்க. ராத்திரி ஊறட்டும். நாளைக்கு வேகவச்சு அந்தத் தண்ணிய அடிக்கலாம்."

ஆசீர்வாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் பார்த்தார்.

"இனிமே யாருக்கு டீச்சர் இது? அவங்க நம்ம வீட்டுல இருந்து எதுவும் வாங்க மாட்டாங்களே."

"வாங்குதது அவங்க பாடு" என்றாள் ஹெப்சி. "நீங்க கல்லப் பாத்துப் பொறுக்குங்க."